சந்தனம் வைத்த வேக்கும்கள்

என் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் நடு அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "கிளீனிங் கம்பெனி நடத்துறீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை என்பேன். "அப்ப விக்கிறீங்களா?" அதுவும் இல்லை. "அப்பறம் எதுக்கு இத்தன?" இந்தக் கேள்விக்கு நான் யாருக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. கேட்கிறவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஐம்பது பீங்கான் யானை நிற்கும். அவையெல்லாம் எதற்கு என்று நான் கேட்டேனா?

நான் சேர்ப்பது பழைய வேக்கும். தமிழ்ப்பள்ளிப் புத்தகத்தில் தூசி உறிஞ்சி என்று போட்டிருந்ததாக என் மகள் படிக்கிற காலத்தில் சொன்னாள். ஈப்போவை ஒட்டிய சிலிபினில் எங்கள் வரிசை வீடுகளில் அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. இங்கே அது வேக்கும்தான். இரும்பு உடம்பு, துணிப்பை, மேலே நூல் சுற்றிய குழாய், தொட்டால் ஷாக் அடிக்குமோ என்று பயமுறுத்துகிற வயர். அப்படி இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும். இப்போது கடையில் விற்கிற பிளாஸ்டிக் சாமானை நான் திரும்பியும் பார்ப்பதில்லை.

ஈப்போவில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் வாழ்க்கையில் முதன்முதலாக வேக்குமைப் பார்த்தேன். அதுவரை எனக்குத் தெரிந்தது தோட்டத்து ஈர்க்குமாறு ஒன்றுதான். சூப்பர்வைசர் சுவிட்சைத் தட்டினார். அது போட்ட சத்தத்தில் நான் கட்டில்மேல் ஏறி நின்றுவிட்டேன். அந்த அறையில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்தார். முதல் நாளே வேலை போயிருக்க வேண்டியது. அந்த மனிதர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போனதால் பிழைத்தேன். பிற்பாடு நானே சூப்பர்வைசர் ஆகி, எத்தனையோ பெண்களைக் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறேன்.

ஹோட்டல் கைமாறியபோது, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பழைய சாமானையெல்லாம் வேலைக்காரர்களுக்குத் திறந்துவிட்டார்கள். மற்றவர்கள் மெத்தையையும் திரைச்சீலையையும் குட்டி ஐஸ்பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் ஸ்டோருக்குள் போய், என்னைக் கட்டிலில் ஏற்றிய அந்த மிஷினைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தேன். என் வீட்டுக்காரர் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் மெத்த கொண்டு வராங்க. இவ தும்பிக்கைய கொண்டு வரா," என்றார். அவருக்கு வாய் அடங்காது. எனக்கும் அடங்காது. அதனால்தான் இத்தனை வருடம் வண்டி ஓடுகிறது.

ஒன்று இரண்டானது. இரண்டு நான்கானது. ஞாயிற்றுக்கிழமை பழைய பொருள் சந்தைக்குப் போவேன். பழைய பேப்பர் வாங்க வரும் "சுராட் காபார் லாமா" லோரி, எங்கள் வரிசைக்குள் நுழையும்போதே ஹாரன் அடித்து என்னைக் கூப்பிடும். டவுனில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற சீன அங்கிள் ஒருவர் இருக்கிறார். நான் கொண்டுபோகும் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, "அக்கா, சூடா மாத்தி லா," என்று மலாயில் மரணச் செய்தி சொல்வார். செத்ததென்றால் செத்ததுதானே, கார்பனையும் பேரிங்கையும் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு வருவேன். அடுத்த வாரம் அதே மிஷினைக் கொண்டுபோய் அவர் கடையிலேயே ஓட்டிக் காட்டி, அவர் மேசைத் தூசியையும் எடுத்துக் கொடுத்துவிட்டு வருவேன். எனக்கு அதில் ஒரு திமிர்.

ரிப்பேரைவிட எனக்கு ருசி, பழைய பையைத் திறந்து பார்ப்பதில்தான். அந்த வீட்டு ஜாதகமே உள்ளே இருக்கும். கொண்டை ஊசி, கிரேயான் துண்டு, சீப்புப் பல், பூனை ரோமம், காய்ந்த மல்லிகை, ஒற்றைத் தோடு. ஒரு முறை பல்செட்டில் பாதி கிடைத்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்தாரோ, பாவம்.

இந்தக் கூட்டத்தில் பெரிய மனிதர் ஒருவர் உண்டு. ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்துத் துரை பங்களாவை இடித்தபோது வந்தவர். தோட்டம் எப்போதோ எண்ணெய்ப்பனையாகவும் தாமான் குடியிருப்பாகவும் மாறிவிட்டது. பங்களா மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதையும் இடித்தார்கள். லோரியில் தகரங்களுக்கு அடியில் இவர் குப்புறக் கிடந்தார். உருண்டை வயிறு, சாம்பல் நிறப் பெயின்ட், மூடியைப் பிடிக்க இரண்டு பக்கமும் அகலமான தகட்டுக் கொக்கி, முன்னால் நீண்ட குழாய். அந்த வயிற்றைப் பார்த்து என் வீட்டுக்காரர் தொந்திக்காரர் என்று பேர் வைத்தார். பையைத் திறந்தால் உள்ளே அத்தனையும் வெள்ளை நாய் ரோமம். அது மாதிரி ஒரு தோட்டத்தில் என் அம்மா முப்பது வருடம் பால் வெட்டியும் பங்களா கேட்டைத் தாண்டியதில்லை. துரை வீட்டு நாய் மயிரை என் சமையலறைத் தரையில் கொட்டி வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

தொந்திக்காரருக்கு மூடியைச் சுற்றி வருகிற ரப்பர் வளையம் மட்கிப் பொடியாகப் போயிருந்தது. ரப்பர்த் தோட்டத்திலேயே கிடந்த மிஷினுக்கு ஒரு முழ ரப்பர் கிடைக்காமல் நான் ஈப்போ முழுக்க நாயாய் அலைந்தேன். கடைசியில் என் வீட்டுக்காரரின் பஸ்ஸுக்கு வைத்திருந்த பழைய டியூபை வெட்டி மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் டியூபைத் தேடிய அன்று நான் கோயிலுக்குப் போய்விட்டேன்.

வீட்டில் இன்னொரு வழக்கு நெடுநாளாக நடந்துகொண்டிருந்தது. விளக்கு வைத்த பிறகு வீடு கூட்டக்கூடாது, கூட்டினால் லட்சுமி வெளியே போய்விடுவாள். இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் வேக்கும் போடலாமா? என் வீட்டுக்காரர் கூடாது என்றார். நான் தீர்ப்புச் சொன்னேன். துடைப்பம் குப்பையை வாசலுக்குத் தள்ளும், அதனால் லட்சுமியும் போவாள். வேக்கும் எதையும் வெளியே தள்ளாது. எல்லாம் பைக்குள்தான் இருக்கும். லட்சுமி ராத்திரி பையில் பத்திரமாகத் தூங்கிவிட்டுக் காலையில் எழுந்து வரட்டும். அவர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய் பஸ்ஸைத் துடைத்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த எங்கள் வாழ்க்கையில், போன வருடம் என் மகள் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று வந்து நின்றாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பையன் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற தாப்பா ஊர்க்காரன், ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷன். வாரம் முழுக்க இங்கே அறை எடுத்துத் தங்கிவிட்டு, சனிக்கிழமை மட்டும் அம்மாவைப் பார்க்கப் போகிறவன். அப்பா இல்லை. அம்மா ஒரு பள்ளிக் கேன்டீனைத் தனியாளாக நடத்தி அவனை ஆளாக்கியவர். எனக்குப் பையனைப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. என் மிஷின்களைப் பார்த்து அவன் கேட்ட முதல் கேள்வி, "ஆண்ட்டி, இது எத்தன வாட்?" என்பதுதான். வேறென்ன வேண்டும்?

சிக்கல் அவன் அம்மாவிடம் இருந்தது. "அவங்களுக்கு என்னப் பிடிக்கலம்மா. பாக்காமலே பிடிக்கல," என்றாள் மகள். சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. வார்டில் எதையெதையோ பார்த்தும் அழாத பெண் அவள். அம்மா சம்மதிக்காமல் கட்டமாட்டேன் என்று பையன் சொல்லியிருக்கிறான். அதையும் தப்பென்று சொல்ல முடியாது. அந்த அம்மா ஒரு முறை வீட்டுக்கு வந்து பார்க்கட்டும், அதற்கப்புறம் அவர் சொல்வதுதான் முடிவு என்று பேசிவைத்திருந்தார்கள். எப்போது வருவார் என்பது மட்டும் தெரியவில்லை.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் தெரிந்தது. மகள் கைப்பேசியைப் பார்த்துவிட்டு வெளிறிப்போய் நின்றாள். "சாயங்காலம் ஈப்போ கோயிலுக்கு வராங்களாம். அப்படியே இங்க வராங்களாம். நல்ல நாளாம்."

நல்ல நாள்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்று என் வீடு இருந்த நிலை என்ன? வாசலில் பஸ்ஸைக் கழுவி, கண்ணாடியில் விபூதிப் பட்டை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார் அவர். நடு அறையில் பதினொரு வேக்குமையும் பாலிஷ் போட்டு, வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, நான் காலையிலேயே பூஜையை முடித்திருந்தேன். நடுவில் தொந்திக்காரர். குழாய் தரையில் கிடந்தால் வெடிக்கும் என்று அதை வளைத்து மேலே ஆணியில் மாட்டியிருந்தேன். பஸ்ஸுக்கு வாங்கியதில் ஒரு மாலை மிச்சம் இருந்தது. அதை அவர் கழுத்தில், அதாவது கழுத்து இருக்கவேண்டிய இடத்தில், என் வீட்டுக்காரர் போட்டுவிட்டிருந்தார். முன்னால் வாழையிலையில் சுண்டலும் பொரியும்.

"ம்மா, இத எல்லாம் பின்னால தூக்கி வச்சிருவோம்."

"பூஜைக்கு வச்சத எப்படிடி எடுக்கிறது? நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

"அவங்க இதப் பாத்தா அவ்வளவுதான்மா. கிறுக்குக் குடும்பம்னு நெனச்சிருவாங்க."

கிறுக்குக் குடும்பம். எனக்குச் சுருக்கென்றது. பெற்ற மகள் வாயிலிருந்து வந்த சொல். "உன் ஸ்டெதஸ்கோப்பும் அங்கதான் பொட்டு வச்சுக்கிட்டு இருக்கு. தைரியம் இருந்தா மொதல்ல அத எடு பாப்போம்," என்றேன். அவள் எடுக்கவில்லை. நர்ஸாக இருந்தாலும் பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கே எடுக்க யாருக்கும் கை வராது. அப்படித்தான் எல்லோரும் வளர்ந்திருக்கிறோம்.

கதவைச் சாத்தலாம் என்றால் உள்ளே விளக்கும் சாம்பிராணியும் எரிந்துகொண்டிருந்தன. கடைசியில் என் வீட்டுக்காரர் என்னுடைய பழைய பச்சைப் புடவை ஒன்றை எடுத்து அறை வாசலில் திரையாகக் கட்டினார். மகள் போய் டியூப் லைட்டை அணைத்தாள், வெளிச்சம் இருந்தால்தானே தெரியும் என்று. அவள் அந்த லைட்டை அணைக்காமல் இருந்திருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

ஆறு மணி வாக்கில் வந்தார்கள், அம்மாவும் மகனும். அந்த அக்கா என்னைவிட நாலைந்து வயது பெரியவர். விறைப்பாகக் கட்டிய காட்டன் புடவை, நெற்றி நிறைய விபூதி, சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். உட்காருவதற்கு முன் டீ மேசை விளிம்பை ஒரு விரலால் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன். தடவட்டும். முப்பது வருடம் ஹோட்டல் அறையைச் சுத்தம் செய்தவள் வீட்டில் அவர் விரலுக்கு ஒன்றும் கிடைக்காது.

"பொண்ணு ராத்திரி ஷிப்ட் போகுமா?"

"போவா, அக்கா. நோயாளிக்கு ராத்திரியும் வலிக்கும்ல."

"சமைக்குமா?"

"பசிச்சா சமைப்பா."

மகள் என்னை முறைத்தாள். நான் என்ன செய்ய, வாய் அப்படி. அந்த அக்கா விடவில்லை. ஜாதகம் பார்த்தீர்களா என்றார். ஈப்போவில் வீட்டு வாடகை ஜாஸ்தி என்றார். மகள் ஒல்லியாக இருக்கிறாள் என்றார். "எங்க வீட்டுல காலையில அஞ்சு மணிக்கே எந்திரிச்சிருவோம்," என்றார்.

"யாரு யாருக்கா?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

அவர் புடவை மடிப்பை நீவிவிட்டார். "நான்தான்," என்றார்.

பையன் தலையைக் குனிந்துகொண்டு முறுக்கை உடைத்தான். தின்னவில்லை. மகள் டம்ளரை இறுக்கிப் பிடித்திருந்தாள். இது கூடிவராது என்று எனக்குப் பட்டுவிட்டது. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த நேரத்தில் அக்கா பாத்ரூம் எங்கே என்று கேட்டார். மகள் எழுந்தாள். "நானே போறேன்லா, நீ உக்காரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

போனவர் வரவில்லை. என் வீட்டுக்காரர் பையனிடம் பஸ் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார், பேச்சு நின்றால் அமைதியாகிவிடும் என்ற பயத்தில். எனக்குச் சந்தேகம் வந்தது. தண்ணீர் எடுக்கிறமாதிரி சமையலறைக்குள் போனேன். சமையலறை வாசலிலிருந்து பார்த்தால் நடு அறை தெரியும்.

பச்சைப் புடவை ஒரு பக்கம் விலகியிருந்தது. உள்ளே விளக்கு வெளிச்சத்தில், சாம்பிராணிப் புகைக்கு நடுவில், மாலையும் பொட்டுமாகத் தொந்திக்காரர் உட்கார்ந்திருந்தார். அன்றுதான் நானே அவரைச் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். உருண்டை வயிறு. இரண்டு பக்கமும் காது. வளைந்து மேலே போகிற தும்பிக்கை. நெற்றியில் சந்தனம். முன்னால் சுண்டல். அந்த அக்கா கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் சுவரைப் பிடித்து மெல்ல மெல்ல முட்டி போட்டு உட்கார்ந்தார்.

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். வயிறு குலுங்கியது. துரை வீட்டு நாய் மயிரை உறிஞ்சியவருக்கு வந்த வாழ்வைப் பாருங்கள். ஓடிப்போய் என் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். அப்போது அந்த அக்கா பேச ஆரம்பித்தார்.

"பிள்ளையாரப்பா," என்றார், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி. "பொண்ணு நல்ல பொண்ணுதான். எனக்குத் தெரியுது. கொற சொல்ல ஒன்னும் கெடைக்காமத்தான் வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன்." விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். "சனிக்கெழம சனிக்கெழம வரான். அதுக்காகத்தான் வாரம் பூரா இருக்கேன். கல்யாணம் ஆயிட்டா அதுவும் நின்னு போயிரும். அந்த வீட்டுல நான் யாருகிட்ட பேசுவேன்? மூனு ரூம்பு. ஒரு சத்தம் இல்ல. டிவிகிட்ட எவ்வளவு நேரம் பேசுறது, சொல்லு. வாயத் தொறந்து அவன்கிட்ட கேக்க முடியல. ஒரு வழி காட்டுப்பா."

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இவ்வளவு நேரம் இந்த மனுஷியை மனதுக்குள் என்னவெல்லாம் திட்டினேன். சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தத்துக்கு அது ஓடட்டும் என்று நின்றேன். என் மகளின் கல்யாணம் ஜாதகத்திலும் ஷிப்டிலும் மாட்டிக்கொள்ளவில்லை, தாப்பாவில் ஒரு வெறிச்சோடிய வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நான் கேட்டேன் என்று அவருக்குத் தெரியவும் கூடாது. சாமியிடம் சொன்னதை இன்னொருவர் எடுத்துப் பேசினால் அவர் அந்த வீட்டில் ஒரு நிமிடம் நிற்கமாட்டார். நானாக இருந்தாலும் நிற்கமாட்டேன்.

அவர் ஹாலுக்குத் திரும்பி வந்து பழையபடி விறைப்பாக உட்கார்ந்தார். நான் பின்னாலேயே தண்ணீர் ஜக்கோடு வந்தேன். உட்காரும்போதே சொன்னேன். "அக்கா, இந்தக் கல்யாணம் நடக்கணும்னா எனக்கு ஒரு கண்டிஷன் இருக்கு."

மகள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் இருமினார்.

"என்கிட்ட பழைய மிஷின் நெறைய இருக்கு. ரிப்பேர் பண்றதுக்கு இங்க எடம் பத்தல. உங்க வீட்டுல ரூம்பு சும்மா கெடக்குன்னு தம்பி சொல்லியிருக்கு. ஒரு ரூம்பு எனக்கு வேணும். சனிக்கெழம ஸ்கூல் லீவு, பஸ்ஸு சும்மாதான் நிக்கும். இவரு என்னைக் கொண்டு வந்து விட்டுருவாரு. காலையில வந்து சாயங்காலம் வரைக்கும் இருப்பேன். சின்னஞ்சிறுசுங்க வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நான் வருவேன். அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் பொண்ணு."

பையன் அப்படி எப்போதும் சொன்னதில்லை. நல்ல பிள்ளை, வாயைத் திறக்கவில்லை. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவு பாடுபட்டு மறைத்ததை நானே நடுவீட்டில் போட்டு உடைத்துவிட்டேன் அல்லவா.

அக்கா என்னை நேராகப் பார்த்தார். "என்ன மிஷின்?"

"வேக்கும். பழைய வேக்கும்."

அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சத்தம் போடுமா?" என்று கேட்டார்.

"போடும்க்கா. பொய் சொல்லக்கூடாது. காது ஜவ்வு கிழிஞ்சிரும்."

அவர் மகனைப் பார்த்தார். என் மகளைப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்தார், வந்ததிலிருந்து முதல் தடவையாக. "அப்பன்னா சரி," என்றார்.

தையில் கல்யாணம் நடந்தது. கெட்டிமேளத்தின்போது நானும் அழுதேன், அந்த அக்காவும் அழுதார். அதை எழுதி என்ன ஆகப்போகிறது. சனிக்கிழமைதான் முக்கியம். காலையில் பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒரு மிஷினைப் படுக்க வைத்துக் கயிறு கட்டி, தாப்பாவுக்குப் போவோம். என்னையும் மிஷினையும் இறக்கிவிட்டு, என் வீட்டுக்காரர் டீக்கடைக்குப் போய்விடுவார். முன் அறையில் பழைய பேப்பர் விரித்து நான் உட்காருவேன். சம்பந்தி அக்கா எதிரில் ஸ்டூல் போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டே பேசுவார். கேன்டீனில் நாசி லெமாக் சோறு வாங்கிவிட்டுக் காசு கொடுக்காமல் கம்பி நீட்டிய வாத்தியார், எதிர்வீட்டுக்காரியின் பூனை, தன் மாமியார் எழுபத்தைந்து வயதில் அடித்த கொட்டம். மனுஷி வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். சத்தத்தைக் கேட்டு எதிர்வீட்டுக்காரி எட்டிப்பார்த்தால், "சம்பந்தி வந்திருக்காங்க லா," என்று தெருவுக்கே கேட்கச் சொல்வார். சில வாரம் பிள்ளைகளும் வருவார்கள். வராத வாரம் என்ன என்றுகூட அவர் கேட்பதில்லை.

மற்ற பத்து மிஷினும் ஒவ்வொன்றாகத் தாப்பா போய் வந்தன. தொந்திக்காரரை மட்டும் நான் கொண்டுபோகவில்லை. எப்படிக் கொண்டுபோவது? அவரைப் பார்த்த உடனே சம்பந்தி அக்காவுக்கு எல்லாம் தெரிந்துபோகும். முட்டி போட்டு, மனதைத் திறந்து கொட்டியது ஒரு தூசி மிஷினிடம் என்று தெரிந்தால் அவமானத்தில் கூசிப்போய்விடுவார். அந்த அறைக் கதவும் எனக்குச் சாத்திக்கொள்ளும். அதனால் தொந்திக்காரரை நடு அறை மூலையில், பச்சைப் புடவையைப் போர்த்தி வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நான் ஒரு மோட்டாருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். சம்பந்தி அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "அந்தத் தொந்திக்காரர எப்ப கொண்டு வரப்போறீங்க?"

நான் மோட்டாரிலிருந்து தலையை வெளியே எடுத்தேன். "எந்தத் தொந்திக்காரருக்கா?"

"அதான், மால போட்டு உக்காந்திருந்தாரே. உங்க வீட்டுக்காரரு என்கிட்ட பேரெல்லாம் சொல்லிட்டாரு."

"அக்கா, அது வந்து..."

"மொதல்ல பிள்ளையாருன்னுதான் நெனச்சேன், தங்கச்சி. சத்தியமா. குட்டிக்கிட்டு முட்டி போட்டு உக்காந்தப்பறம் பாக்கிறேன், பின்னால பிளக்கு தொங்குது. அடியில சக்கரம் வேற." அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. "எந்திரிச்சிரலாம்னு பாத்தேன். முட்டி மடங்கிட்டா எனக்கு உடனே எந்திரிக்க வராது. சரி, இவ்வளவு கஷ்டப்பட்டுக் கீழ எறங்கிட்டோம், சொல்ல வந்தத சொல்லிட்டே எந்திரிப்போம்னு சொன்னேன்."

"வேக்கும்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்." கீரைத் தட்டை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். "எங்க வீட்டுக்காரரு போனதுலேருந்து யாருகிட்டயும் சொல்லாத பேச்சு. கோயில்ல போய்ச் சொல்லலாம்னா அங்க எப்பவும் கூட்டம். அது ஒரு மூலையில சும்மா உக்காந்திருந்துச்சு. என்னைப் பாத்துக்கிட்டு இருந்த மாதிரியும் இருந்துச்சு. அவ்வளவுதான்." அப்புறம் என்னைப் பார்த்தார். "கொழாயில தண்ணி தொறந்துவிட்ட சத்தம் கேட்டுச்சு. தண்ணி நிக்கவே இல்ல. அப்பவே நெனச்சேன், அந்த மிஷினுக்குக் காது இருக்குன்னு."

கிரீஸ் கையோடு அவர் கையைப் பிடித்தேன். அவர் உதறவில்லை. புடவையில் கறை படும் என்றும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை தொந்திக்காரர் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து தாப்பா போனார். அன்று பேசிப் பேசியே பொழுது போனதால் அவரை ஓட்டிப் பார்ப்பதற்குள் வீட்டில் விளக்கு வைத்தாகிவிட்டது. "விளக்கு வச்சாச்சே, போடலாமா?" என்று சம்பந்தி அக்கா கேட்டார். நான் என் தீர்ப்பைச் சொன்னேன், பையையும் லட்சுமியையும் பற்றி. அவர் கொஞ்சம் யோசித்தார். "சரிதான்," என்றார். பிறகு குனிந்து பிளக்கைத் தேடி எடுத்து, அந்த வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவரே போய் மாட்டினார்.